அந்த ஹேமந்த் குமார் நீ இல்லை

ஹேமந்த் கண்ணு,

நேற்று கடப்பாவில் உன் ஹாஸ்டல் வாசலில் நின்றபோது, "அம்மா, ஒண்ணுமே சொல்லாம போறியே" என்று கேட்டாய். நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், உங்க நைனா "ட்ரெயினுக்கு லேட்டாவுது, வா" என்று கூப்பிட்டார், நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்து பேசுங்கடா என்று சின்னப் பிள்ளைகளை விரட்டுவதே எனக்கு வேலை. எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை, இந்த வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்தது அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். உன் ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் தெலுங்கில் சொல்லிக் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை, அவர்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு வருஷம் நடந்திருக்கும்.

முதல் தடவை நீட் மார்க் வந்த அன்று நீ ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். தட்டை வாசலில் வைத்துவிட்டு நான் நகர்ந்தால்தான் எடுப்பாய். உங்க நைனா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "டேய், ஃபெயிலா ஆயிட்ட? மார்க்கு கம்மி, அவ்ளோதானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். பிறகு நீயே வெளியே வந்து, திருப்பதியில் ஒரு வருஷம் கோச்சிங் போகிறேன் என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புளிசோறு கட்டிக்கொண்டு காளஹஸ்தி வழியாக வருவேன். உன் ஹாஸ்டலில் பெண்களை உள்ளே விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில்தான் உட்காருவோம், சுற்றிலும் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவர்கள், அவர்களுடைய தூங்கும் குழந்தைகள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வாட்டியும் வரலன்னா இன்னா பண்ணுவ?" என்று என்னைக் கேட்டாய். "நீ இன்னா பண்றன்னு பாத்துக்கினு இருப்பேன்" என்றேன். நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் பின்னால் நடந்தது அதுதான். நீ என்ன செய்தாய் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாவது தடவை உனக்கு வந்த ராங்க், சீட்டு கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமல் போனாலும் போகும் என்ற இடத்தில் நின்றது. அதைவிடக் கொடுமையான இடம் வேறு இல்லை. நன்றாகக் கீழே போயிருந்தால் மனசை மாற்றிக்கொண்டிருக்கலாம். நீ ஆன்லைனில் காலேஜ்களை வரிசைப்படுத்தி அனுப்பினாய், திருப்பதி முதலில், கடப்பா அடுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பதியில் ஒரு பி.எஸ்சி. சீட்டுக்கும் மனு போட்டாய். கவுன்சிலிங்கின் முதல் ரவுண்டு முடிவு வருகிற அன்று அந்த வேலையாகத்தான் காலையிலேயே திருப்பதிக்குப் போயிருந்தாய்.

அன்று மதியம் நான் வகுப்பில் இருந்தபோது உங்க நைனா கூப்பிட்டார். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வாசலில், தான் ஓட்டுகிற ஷிஃப்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசுகிறார், பின்னால் என்ஜின் சத்தம். "டீச்சரு, உன் புள்ள டாக்டரு ஆயிட்டான்!" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"லிஸ்ட்டே வந்துடுச்சு. கோச்சிங் குரூப்ல போட்டுக்கிறாங்க. எம். ஹேமந்த் குமார். பி.சி. திருப்பதி காலேஜு. எல்லாம் கரெக்டா கீது."

"அவன்கிட்ட பேசினீங்களா?"

"அவன் ஃபோனு எடுக்கல. எல்லாரும் அவனுக்கே அடிச்சிக்கினு இருப்பாங்க. நீ வை, ஷிஃப்ட்டு உட்டுட்டாங்க."

நானும் நம்பினேன் கண்ணு. யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன், பிள்ளைகள் கை தட்டின. உங்க நைனா வரதய்யபாளையத்தில் பஸ்ஸை ஓரம் கட்டி, மைசூர்பாக் வாங்கி, அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் கொடுத்திருக்கிறார். மிச்சத்தை டீக்கடை பாஸ்கர் கையில் கொடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் நீ வருகிற பஸ்ஸுக்காக நாங்கள் ரோட்டில் நின்றோம். உங்க நைனா கையில் ஒரு சாமந்தி மாலை. இத்தனை வருஷத்தில் அவர் எனக்கே அப்படி ஒரு மாலையை வைத்துக்கொண்டு நின்றது கல்யாணத்தன்றுதான்.

நீ இறங்கினாய். பாஸ்கர், "டாக்டரு காரு ஒச்சேசாரு!" என்று, டாக்டர் வந்துவிட்டார் என்று ரோட்டுக்கே கேட்கும்படி தெலுங்கில் கத்தினார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோனை எடுக்காததற்குக் காரணம் புரிந்தது, நீ என்னைப் பார்க்காமல் உங்க நைனாவை மட்டும் பார்த்ததற்கும் காரணம் புரிந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் மாலையைத் தூக்கினார். நீ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். கூட்டத்தின் நடுவில் அவர் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போலாம் நைனா" என்றாய். அவ்வளவுதான். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார், நீ உம் கொட்டிக்கொண்டே வந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி நாற்காலி மேல் வைத்தாய். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாய். பிறகு கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாய்.

"நைனா, அது நான் இல்ல. அது வேற ஹேமந்த் குமாரு. என் நம்பரு அதுல இல்ல. எனக்கு இந்த ரவுண்டுல வரல."

"இனிஷியலு?"

"அதுவும் அதேதான் நைனா."

"திருப்பதின்னு போட்டிருந்துச்சே."

"அவனுக்கு."

அவர் ஃபோனை எடுத்து அந்த லிஸ்ட்டைத் திறந்தார். நீ தடுக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அவன் நம்பரையும் உன் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவிட்டாய். "பஸ்ல எல்லாருக்கும் குடுத்துட்டேனேடா" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ரோட்டில் எவனாவது குறுக்கே வந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டுகிற மனிதர். நீ எழுந்திருக்கவில்லை. ரூமுக்குள் போகவில்லை. அழ வேண்டியவன் நீ, ஆனால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். பிறகு அவர், "அந்தப் பையன் எந்த ஊரு?" என்று கேட்டார்.

"பலமனேர் பக்கமாம். குரூப்ல சொன்னாங்க."

"அவங்க நைனாவும் ஸ்வீட்டு வாங்கியிருப்பாரு இல்ல."

"வாங்கியிருப்பாரு நைனா."

"வாங்கட்டும்" என்றார். யாரோ ஒரு தகப்பனுக்கு அது நிஜம் என்பதில் அவருக்கு என்ன ஆறுதலோ, அதற்குப் பிறகு எழுந்து கை கால் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், உடம்பில் சூடே இல்லை. அந்த பஸ்ஸில் ஏறி அத்தனை முகத்தையும் எப்படிப் பார்ப்பது என்பதுதான் காய்ச்சல். நீ குளித்து, தலை சீவி, அவர் யூனிஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "எழுந்திரு நைனா. நானும் பஸ்ல வரேன்" என்றாய். அவர் எழுந்து யூனிஃபார்மை வாங்கிக்கொண்டார்.

அந்த பஸ்ஸில் நடந்ததை எனக்குச் சொன்னது செல்வி, என் வகுப்பில் படிக்கிற கீர்த்தனாவின் அம்மா. அவள் தினமும் அதில்தான் கம்பெனிக்குப் போகிறாள். நீ டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாயாம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் ஏறி உட்கார்ந்ததும், உங்க நைனா வண்டியை எடுப்பதற்கு முன்னால், தமிழில் ஒரு தடவை தெலுங்கில் ஒரு தடவை சொன்னாயாம்: "அண்ணா, அக்கா, நேத்து நைனா சொன்னது என் பேருல இருக்கிற வேற பையன். எனக்கு சீட்டு வரல. இன்னும் ரவுண்டு கீது, பாக்கலாம். ஆனா துன்ன மைசூர்பாக்க யாரும் திருப்பித் தர வேணாம்." முதல் ஸ்டாப்பில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லையாம். இரண்டாவது ஸ்டாப்பில் பின் சீட்டிலிருந்து ஒரு திருவள்ளூர்ப் பையன், "வந்தப்புறம் இன்னொரு வாட்டி குடுப்பீங்களா பாஸு?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்ததாம். உங்க நைனாவும் சிரித்தாராம். "அண்ணன் கண்ணாடியில பாத்துக்கினே சிரிச்சாரு டீச்சர், கண்ணத் தொடச்சிக்கினே கியரு போட்டாரு" என்றாள் செல்வி. திரும்பி வரும்போது டீக்கடையிலும் இறங்கி பாஸ்கரிடம் நீயே சொல்லிவிட்டாய். ஒரு காலை நேரத்தில் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தாய். அதற்குப் பிறகு எங்களை யாரும் தெருவில் நிறுத்தித் துருவவில்லை. துருவுவதற்கு எதையும் நீ மிச்சம் வைக்கவில்லை.

கண்ணு, அன்றைக்கே எனக்கு ஒன்று தோன்றியது. உனக்கு சீட்டு கிடைக்கிறதோ இல்லையோ, டாக்டருக்கு வேண்டியது உன்னிடம் இருக்கிறது என்று. நாங்கள் ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்திருக்கிறோம். உங்க தாத்தாவை திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, ஒரு டாக்டர் நடந்துகொண்டே எதையோ சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அவர் பின்னாலேயே ஓடினோம், அவர் சொன்னது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல். நாளைக்கு நீயும் ஒரு வராந்தாவில் ஒருத்தர் வீட்டு ஆட்களிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு உனக்கு அவசரம் இருக்கும், களைப்பு இருக்கும். உங்க நைனாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாயே, அதே மாதிரி உட்கார். சுற்றி வளைக்காதே. சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடாதே. அவர்கள் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்கள், இனிஷியல் என்ன என்று கேட்ட மாதிரி. அதற்கும் பதில் சொல். இதை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்களோ தெரியாது, உனக்குத் தானாகவே வந்திருக்கிறது. படிக்கிற படிப்பில் அதைத் தொலைத்துவிடாதே.

இரண்டாவது ரவுண்டிலும் வரவில்லை. அதற்குள் அந்த பஸ்ஸே உனக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. ஏறும்போதெல்லாம், "இன்னா டிரைவரண்ணா, லிஸ்ட்டு வந்துச்சா?" என்பார்களாம். முன்பானால் எரிந்து விழுந்திருப்பார். இப்போது, "வரலபா, வந்தா நம்பரு பாத்துட்டு சொல்றேன்" என்பாராம். நானோ காலையில் எழுந்ததும் ஃபோன், சோறு வடிக்கும்போது ஃபோன், பாடம் நடத்தும்போது மேஜை டிராயரில் ஃபோன் என்று இருந்தேன். சாமி கும்பிடும்போது எனக்கே ஒரு கூச்சம் வந்தது. உனக்கு ஒரு இடம் காலியாக வேண்டுமானால், உனக்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒரு பிள்ளை வேண்டாம் என்று போக வேண்டும். அப்படி வேண்டிக்கொள்ளலாமா? கடைசியில், "அந்தப் பிள்ளைக்கு இதவிட நல்ல காலேஜா குடு சாமி, அது அங்க போவட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். உன் ஹாஸ்டல் கட்டில் அப்படி வந்ததுதான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். யாரோ ஒரு பிள்ளை டில்லியிலோ எங்கேயோ சேர்ந்ததால் உனக்கு வந்தது. முகம் தெரியாத அந்தப் பிள்ளையை எப்போதாவது நினைத்துக்கொள், போதும்.

அந்தச் சமயத்தில்தான் சித்தூரிலிருந்து உங்க மாமா வந்தார். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புகிற ஏஜென்ட் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். அவர் மனசில் கெட்டது எதுவும் இல்லை, தங்கச்சி பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறானே என்ற தவிப்பு. எனக்குக்கூட சபலம் வந்தது. நீ அவர் கொண்டுவந்த படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தாய். பிறகு, "இன்னும் ஒரு ரவுண்டு கீது மாமா. அதுலயும் வரலன்னா திருப்பதியில பி.எஸ்சி. சேந்துடுறேன். எனக்கு டாக்டர் படிப்பு புடிக்கும், ஆனா அது இல்லன்னா நான் ஒண்ணுமில்லன்னு இப்ப தோணல" என்றாய். மாமா என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பையனா இவன் என்று நான் உன்னைப் பார்த்தேன். மாமா படங்களைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிடா, சோறு போடச் சொல்லு உங்கம்மாவ" என்றார்.

மூன்றாவது ரவுண்டு வந்த அன்று நீ நேராக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். மதிய சாப்பாட்டு நேரம் முடிந்து, பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தன. நீ வாசலில் நின்று ஃபோனை நீட்டினாய். "பேர காட்டாத, நம்பர படி" என்றேன். என் ஹேண்ட்பேக்கிலிருந்து உன் ஹால் டிக்கெட் நகலை எடுத்தேன். நீ ஒவ்வொரு எண்ணாகப் படித்தாய். நான் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ "நாலு" என்றால் பின்னால் மொத்த வகுப்பும் "நாலு" என்றது. "ரெண்டு" என்றாய், "ரெண்டு" என்றார்கள். புதுப் பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசி எண்ணை அவர்கள் கத்தி முடித்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடப்பா கவர்மென்ட் காலேஜ். கீர்த்தனா ஓடிவந்து, "டீச்சர், தப்பா சொல்லிட்டோமா?" என்று கேட்டாள். இல்லடி, எல்லாம் கரெக்டு என்றேன். என் பிள்ளைகள் எத்தனையோ வாய்ப்பாடு சொல்லியிருக்கின்றன, அவ்வளவு இனிமையாக ஒன்றை நான் கேட்டதில்லை.

உங்க நைனாவை நம்ப வைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. "நம்பரு பாத்தியா? ராங்க்கு பாத்தியா? உன் லாகின்லயே வந்துச்சா?" என்று எத்தனை கேள்வி. யாரிடமும் மூச்சு விடக்கூடாது, காலேஜில் சேர்ந்து ரசீது கையில் வந்தால்தான் சொல்வேன் என்றார். பஸ்ஸில் செல்வி கேட்டதற்குக்கூட, "வரும்போது வரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஆனால் விசில் அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினாராம். அதிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி அத்தனை பேரும் நடித்தார்களாம். நேற்று அந்த ஆபீஸ் அறையில் உன் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு, "அந்தே பாபு, அயிபோயிந்தி", அவ்வளவுதான் தம்பி, முடிந்தது என்று அங்கிருந்த அம்மா சொன்னதும், இவர் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொருத்தருக்காக ஃபோன் போட்டதை நீ பார்த்திருக்க மாட்டாய். நீ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய்.

கண்ணு, அங்கே பாடம் கஷ்டமாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். எப்போதாவது ஒரு பரீட்சை போய்விட்டால் கதவைச் சாத்திக்கொள்ளாதே, எங்களிடம் சொல். எப்படிச் சொல்வது என்று உனக்கு நன்றாகத் தெரியும், எப்படிக் கேட்டுக்கொள்வது என்று இந்த வருஷத்தில் நாங்களும் கற்றுக்கொண்டோம். உன் ரூம் பிள்ளைகள் தமிழைக் கேலி செய்தால் நீயும் சேர்ந்து சிரி. ஆனால் நம்ம சத்யவேடு, நகரி பக்கத்திலிருந்து யாராவது வயசானவர்கள் உன் வார்டுக்கு வந்து, தெலுங்கில் சொல்லத் தெரியாமல் வலியோடு முழித்தால், நீதான் அவர்கள் பக்கத்தில் முதலில் போக வேண்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்க நைனா மத்தியானம் கறிக்குழம்பு துன்னிட்டு வெளியே போயிருக்கிறார். நான் வீட்டைக் கூட்டி, துணி துவைத்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன், ஃபோன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடக்கிறது. காலையிலிருந்து நான் அதைத் தொடவே இல்லை போல. எந்த லிஸ்ட்டும் இன்றைக்கு வராது, வந்தாலும் எனக்கு அதில் தேட எந்த நம்பரும் இல்லை. அந்த நினைப்பே இளநீர் குடித்த மாதிரி இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நாம் எத்தனையோ தடவை பேசியிருப்போம். அப்போதெல்லாம் நான் துன்னியா, தூங்கினியா என்று மட்டும்தான் கேட்டிருப்பேன். கேட்க விரும்பியது அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதே.

உன் அம்மா